மார்ச் ஆறு, வியாழன்

ஜனவரி மாதம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, இதய மருத்துவமனையின் தரைத்தளத்தில் உள்ள பதிவுப் பிரிவில் புதிய மென்பொருள் இயங்கத் தொடங்கியது.

தேதி எழுதும்போது மாதத்தை நான் எண்ணால் குறிப்பதில்லை, பெயரைத்தான் எழுதுவேன். மிக்ஸி வாங்கியபோது உத்தரவாத அட்டையில்கூட அப்படித்தான் எழுதினேன். கடைக்காரர் சிரித்தார். இரண்டு எழுத்து கூடும், நேரம் ஒன்றும் பெரிதாக ஆகிவிடாது. மருத்துவமனை விசாரணை அலுவலகத்தில் உங்களிடம் தரும் இந்த வாக்குமூலத்திலும் அப்படியே எழுதியிருக்கிறேன். படிக்கும் உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் நான்கு பேர். தேதி சம்பந்தப்பட்ட பகுதி முழுவதும் என்னுடையது. நோயாளி அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் எழுதுவார், பதிவு மேசையில் இருப்பவர் அதைக் கணினியில் அடிப்பார், கணினி அதைப் புரிந்துகொண்டு சேமிக்கும், பிறகு நோயாளியின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். வேலை இவ்வளவுதான்.

முதலில் நான் எழுதியது கண்டிப்பான நிரல். வரிசை பிசகினால் ஏற்காது, சிவப்பு எழுத்தில் மறுத்துவிடும். ஒத்திகை பார்த்த அன்று மேசைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எங்கள் முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். "அவங்க எப்படி அடிச்சாலும் வாங்கிக்கட்டும்யா. மெஷின் போய் மனுஷனுக்குப் பாடம் நடத்தக் கூடாது" என்றார்.

சரியென்று தோன்றியது. ஆயத்தமாகக் கிடைத்த ஒரு நிரல் துண்டை எடுத்துப் பொருத்தினேன். அது முதல் எண்ணை மாதமாகவும் இரண்டாவதை நாளாகவும் படிக்கும். அப்படிப் படிக்க முடியாவிட்டால் மாற்றிப் படிக்கும். இருபது சாய்கோடு இரண்டு என்று அடித்தால், இருபதாவது மாதம் கிடையாது என்பதால் மாற்றிப் படித்து, பிப்ரவரி இருபது என்று சரியாகவே சேமிக்கும். நான் சோதித்ததெல்லாம் மாதத்தின் பின்பாதியில். அன்றைய தேதியை அடிப்பேன், ஒரு மாதம் தள்ளி அடிப்பேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. எல்லாம் சரியாக வந்தன. முதல் பன்னிரண்டு நாட்களை நான் அடித்துப் பார்க்கவே இல்லை. இதைக் கவனக்குறைவு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் மறுக்கப் போவதில்லை. கவனக்குறைவைச் சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை.

பதிவு மேசையில் இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவரைக் காலண்டர் அக்கா என்பார்கள். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சொல்லிவிடுவார். மருத்துவர்களே வழியில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அதே நாற்காலி. கணினி வருவதற்கு முன்பு நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எல்லாத் தேதிகளையும் கிழமையோடு எழுதி வந்தார். பயிற்சி நாளன்று அந்த நோட்டை மூடி வைக்கச் சொன்னது நான்தான்.

"ரெண்டு இடத்தில எழுதினா குழப்பம்தாங்க்கா. இனிமே எல்லாம் இதிலேயே இருக்கும்."

"இருக்கட்டும் தம்பி. ஆனா கை சும்மா இருக்காது. பழக்கதோஷம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். நோட்டு மேசைக்கு அடியில் போனது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி பிறந்தது. முதல் மூன்று நாட்கள் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மென்பொருள் வந்ததால் நெரிசல் குறைந்துவிட்டது என்று மருத்துவமனையின் நிர்வாகி எங்கள் முதலாளியைக் கூப்பிட்டுப் பாராட்டினார். முதலாளி அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். வரவேண்டியவர்கள் வராததால்தான் கூடம் காலி என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குக் காலண்டர் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, ஏப்ரல் ரெண்டாம் தேதி வர வேண்டியவங்க மூணு பேர் இன்னைக்கே வந்து நிக்கிறாங்க. கேட்டா போனைக் காட்டுறாங்க. போன்ல பிப்ரவரி நாலுன்னு இருக்கு. நான் அடிச்சது நல்லா ஞாபகம் இருக்கு, ரெண்டு, கோடு, நாலு."

"நான் பாக்கறேங்க்கா."

ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரி நான்காம் தேதி காலை பதினொன்று ஐந்துக்கு எனக்கு எல்லாமே தெரியும்.

நிரலைத் திருத்தப் பதினோரு நிமிடம் ஆனது. அன்று பிற்பகலிலிருந்து திரையில் மாதத்தின் பெயர் எழுத்தில் வந்தது. அக்காவுக்கு ரொம்ப மகிழ்ச்சி. "இப்ப கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு தம்பி" என்றவர் கேட்டார், "அப்ப பழசெல்லாம்?"

"அதுவும் சரியாயிடும்க்கா."

பழையவை நூற்று இருபத்தேழு. ஒரே ஒரு கட்டளையில் அவற்றையும் திருத்தியிருக்கலாம். ஆனால் தேதி மாறினால் கணினி தானாகவே செய்தி அனுப்பும், நூற்று இருபத்தேழு கைபேசிகளில் மணி அடிக்கும், நிர்வாகி காரணம் கேட்பார். திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர் பதிவாகும். பிப்ரவரி பதினான்காம் தேதி அந்த மருத்துவமனையின் மற்ற ஆறு கிளைகளுக்கும் எங்கள் மென்பொருளை எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாக இருந்தது. அந்த ஆறுக்கும் பொறுப்பாளராக என்னைத்தான் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து நாள்தானே, கையெழுத்து ஆனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை.

கட்டளையைக் கொடுக்காமல் பட்டியலை மட்டும் எடுத்துப் படித்தேன். பெயர், வயது, காரணம், சரியான தேதி, தவறான தேதி. பெரும்பாலும் சாதாரணப் பரிசோதனைகள். இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் ஒன்றும் ஆகாது. பதினேழாவது வரியில் என் அக்கா இருந்தாள்.

நான் சொல்வது என் உடன்பிறந்த அக்காவை. அவளுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். மாதம் ஒருமுறை ரத்தத்தைச் சோதித்து மாத்திரையின் அளவை முடிவு செய்ய வேண்டும். அவளுக்கான நாள் பிப்ரவரி ஐந்து, அதாவது மறுநாள். கணினியில் மே இரண்டு என்று இருந்தது. உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போ."

"மே மாசம்னு மெசேஜ் வந்துச்சேடா. அப்பாடான்னு இருந்தேன்."

"அது தப்பு. நீ போ."

"எந்தப் புண்ணியவான் பண்ண தப்பு?"

"எவனோ ஒரு அரைவேக்காடு. நீ போயிட்டு எனக்குப் போன் பண்ணு."

போனாள். பதிவு மேசையில் நின்று, "என் தம்பிதான் இன்னைக்கு வரச் சொன்னான்" என்று சொல்லியிருக்கிறாள். மேசையில் இருந்தவர் காலண்டர் அக்கா. தம்பி யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே அனுப்பிவிட்டார். ரத்தம் ஆபத்தான அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்ததாகவும் மாத்திரையைக் கூட்டியதாகவும் மாலையில் சொன்னாள். என் அக்காவைத் தவிர எனக்கு யாரும் இல்லை என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் நூற்று இருபத்தாறு பேர் மிஞ்சினார்கள்.

நாற்பதாவது வரி ஒரு தையல்காரர். வயது ஐம்பத்திரண்டு. பேஸ்மேக்கர் வைத்து ஒன்பது ஆண்டு. அதன் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. மார்ச் முடிவதற்குள் மாற்றியாக வேண்டும் என்று மருத்துவர் குறிப்பு எழுதியிருந்தார். வர வேண்டிய நாள் மார்ச் ஆறு. கணினியில் இருந்தது ஜூன் மூன்று.

பிப்ரவரி பதினான்காம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. பதினைந்தாம் தேதி சொல்லப் போனேன். முதலாளியின் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன் ஒன்று தோன்றியது. தவறைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது, பதினோரு நாள் தெரிந்தும் சும்மா இருந்ததையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்துவிட்டேன். இருபதாம் தேதி யோசித்தபோது பதினோரு நாள் பதினாறு நாளாகியிருந்தது. பிறகு கதவு வரைகூடப் போகவில்லை.

மார்ச் ஆறாம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பேஸ்மேக்கர் பிரிவுக்கு எதிரே ஓர் இரும்பு பெஞ்சு இருக்கிறது. ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை அதில் உட்கார்ந்திருந்தேன். காலண்டர் அக்கா மேசையில் வாய்மொழியாகவும் சொல்லியிருப்பார், அந்தத் தேதியை நினைவில் வைத்துத் தையல்காரர் வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய தொலைபேசி எண் என் சட்டைப் பையில் இருந்தது. அவர் வரவில்லை. பன்னிரண்டரைக்குப் பிரிவின் கதவை மூடினார்கள். நான் வீட்டுக்குப் போனேன்.

மார்ச் பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, அவருடைய கடைக்குப் போனேன். முகவரியும் பட்டியலில் இருந்தது. நீளம் குறைக்க வேண்டும் என்று ஒரு கால்சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். ஒடுக்கமான கடை. ஒரு தையல் இயந்திரம், இஸ்திரி மேசை, சுவரில் கொக்கிகளில் தொங்கும் துணிகள். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அளவெடுக்கக் குனிந்து நிமிர்ந்ததும் சற்று நின்று மூச்சு வாங்கினார்.

"உடம்பு சரியில்லையா அண்ணே?"

"நெஞ்சுக்குள்ள ஒரு மிஷின் இருக்கு தம்பி. பேட்டரி மாத்தணுமாம். ஆண்டவன் நம்மளக் கைக்கடிகாரம் மாதிரி ஆக்கிட்டான்."

"எப்ப மாத்தறாங்க?"

"அங்க மேசையில இருந்த அம்மா மார்ச்சுன்னுதான் வாயால சொன்னாங்க. போன்ல பாத்தா ஜூன் மூணுன்னு வருது. மனுஷங்க மறந்து மாத்திச் சொல்லுவாங்க. கம்ப்யூட்டர் மாத்திச் சொல்லுமா?"

நான் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எதுக்கும் ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டுக்குங்க அண்ணே."

அவரை எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அன்று மதியமே அவருடைய மனைவி மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசியது பிறகு விசாரணையில் தெரிந்தது. காலண்டர் அக்கா சாப்பிடப் போயிருந்தார். பக்கத்து மேசைக்காரர் கணினியைப் பார்த்து, "ஜூன் மூணுதாம்மா. சந்தேகமே வேணாம்" என்றிருக்கிறார். கேட்டால் கணினியைப் பார்த்துத்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதே சமயம், கேட்டுப் பாருங்கள் என்று சொன்னவனும் நான்தான். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

கால்சட்டைக்கு அவர் கொடுத்த சீட்டில் 'மார்ச் 27, வியாழன்' என்று இருந்தது. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதியிருந்தார்.

இருபத்தேழாம் தேதி போனபோது கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் சாவி செய்பவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நேத்து சாயங்காலம் மிஷின் மேலேயே சாஞ்சுட்டாரு சார். யாரோட கால்சட்டையையோ தைச்சுக்கிட்டிருந்தாரு." யாருடையது என்று நான் கேட்கவில்லை.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவருடைய மனைவி புகார் கொடுத்தார். கைபேசியில் இருந்த செய்தியையும் காட்டினார். மருத்துவர் எழுதியது மார்ச் ஆறு, கணினியில் இருப்பது ஜூன் மூன்று, அடித்தவர் காலண்டர் அக்கா. விசாரணைக் குழுவுக்கு வேலை அதிகம் இல்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு காலண்டர் அக்கா எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். முதல் முறையாக வந்தவர் என்பதால் வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்தேன். பையிலிருந்து நீல நோட்டை எடுத்தார்.

"நீங்க வேணாம்னு சொல்லியும் எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. இங்க பாருங்க, ஜனவரி இருபத்திமூணு. தையக்காரர், மார்ச் ஆறு, வியாழன். ஜூன் மூணா இருந்தா செவ்வாய்னுல்ல எழுதியிருப்பேன்?"

"ஆமாங்க்கா."

"நான் இதைக் காட்டினா, இப்ப உக்காந்து எழுதினதுன்னு சொல்லுவாங்க. நீங்க கம்ப்யூட்டர் ஆளு. நீங்க காட்டி, அந்த ஏப்ரல்காரங்க முன்னாடியே வந்து நின்னதையும் சொன்னா நம்புவாங்க. பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு தம்பி."

நோட்டை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தேன். பேருந்து நிறுத்தம் வரை கூடவே போனேன்.

விசாரணையில் என்னிடம் கேட்டவை மூன்று கேள்விகள். இந்த மென்பொருள் தேதியை மாற்றிச் சேமிக்க வாய்ப்பு உண்டா என்றார்கள். அவர்கள் முன்னிலையிலேயே பத்துத் தேதிகளை அடித்துக் காட்டினேன். பத்தும் சரியாக விழுந்தன. அன்றைய நிலையில் அது உண்மை. பிப்ரவரியில் கோளாறு என்று இவர் உங்களிடம் சொன்னாராமே என்றார்கள். அது கைபேசிச் செய்தி தொடர்பான சிறிய விஷயம், அன்றே முடிந்துவிட்டது என்றேன். கடைசியாக, இவர் உங்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாராமே என்றார்கள்.

"இல்லை" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வெளியே நடைபாதையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவரே என்னிடம் வந்தார்.

"நோட்டு போகட்டும் தம்பி. உங்க அக்காவுக்கு மட்டும் அன்னைக்கு எப்படித் தேதி தெரிஞ்சுதுன்னு நான் அங்க கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தேன்.

"நான் கேக்கலை. வெளி ஆளுக்கு ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பாத்து சொன்னீங்கன்னு உங்க வேலைக்கு ஆபத்து வந்துடுமோன்னுதான் வாயைத் திறக்கலை. உள்ள போறப்ப அப்படித்தான் நினைச்சுக்கிட்டுப் போனேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி முடிவு வந்தது. காலண்டர் அக்கா பணிநீக்கம் செய்யப்பட்டார். பத்தொன்பது ஆண்டுக்கான ஓய்வுத் தொகையும் போயிற்று. புதிய ஆதாரம் கிடைத்தால் மூன்று ஆண்டுக்குள் விசாரணையை மறுபடி திறக்கலாம், அதற்குப் பிறகு யார் மீதும் எந்த நடவடிக்கையும் எடுக்க இயலாது என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அதன் நகல் ஒன்று எனக்கும் வந்தது. அந்தப் பத்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

நான் மகிழ்ச்சியாக இருந்ததாக நினைக்காதீர்கள். ஆறு கிளைகளுக்கும் நான்தான் பொறுப்பாளர். எதிலும் தேதிக் கோளாறு இல்லை. நானே உட்கார்ந்து முதல் பன்னிரண்டு நாட்களையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கிறேன். பட்டியலில் இருந்த மற்ற நூற்று இருபத்தைந்து பேரில் வந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்குத் தெரிந்தவரையில். நான்கு பேர் வரவே இல்லை. வேறு மருத்துவமனைக்குப் போயிருக்கலாம்.

போன ஆண்டு ஒரு பெரிய துணிக்கடைக்கு என் அக்காவை அழைத்துப் போனேன். வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் இடத்தில் காலண்டர் அக்கா நின்றிருந்தார். என் அக்காவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. உள்ளே போய்விட்டாள். நான் நின்றேன்.

"அவங்க நல்லா இருக்காங்களா தம்பி?"

"இருக்காங்கக்கா. மாசாமாசம் போயிட்டு வராங்க."

"நல்லது" என்றார். டோக்கனை என் கையில் வைத்தார். "பொண்ணும் இங்கதான் இருக்கா. மூணாம் மாடி, குழந்தைத் துணி."

படிப்பு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. நோட்டு என் அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. எரித்துவிட எத்தனையோ வாய்ப்பு இருந்தும் எரிக்கவில்லை என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஜனவரி இருபத்துமூன்றாம் தேதிப் பக்கத்தில் மேலிருந்து நான்காவது வரி. தையல்கடைச் சீட்டும் உள்ளே இருக்கிறது.

சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். தேதிகள் தவறு என்று தெரிந்தும் நூற்று இருபத்தாறு பேரிடம் மறைத்தேன். தையல்காரர் இறந்துவிடக்கூடும் என்று தெரிந்தே அவரிடம் அளவு கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பழியைக் காலண்டர் அக்கா மீது விழவிட்டேன். அவர் நம்பிக் கொடுத்த ஆதாரத்தை வாங்கவே இல்லை என்று சொன்னேன். இதைச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மனசாட்சி உறுத்தியதால் நானே வந்தேன்.

இன்று ஏப்ரல் இருபத்திரண்டு. முடிவு வந்து மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஆகிறது, கோப்பைத் திறக்கும் அதிகாரம் இனி உங்களுக்கு இல்லை என்றீர்கள். ஒரே ஒரு நாள், நேற்றே வந்திருக்கக் கூடாதா என்றும் கேட்டீர்கள்.

நேற்று என் அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நாள். நான்தான் அழைத்துப் போனேன். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள்.